பிள்ளைகளின் உடல் மெலிவு: நபிகளார் முதலில் கேட்ட கேள்வி

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அல்ஹம்து லில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ். அம்மா பஅத்.



ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களின் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி). அந்தத் தம்பதியின் பிள்ளைகளை ஒருமுறை பெருமானார் (ஸல்) அவர்கள் பார்த்தார்கள். பிள்ளைகள் மெலிந்து போயிருந்தார்கள். உடனே அஸ்மா (ரலி) அவர்களிடம், என் சகோதரரின் பிள்ளைகளுடைய உடல் ஏன் இப்படி இளைத்திருக்கிறது, வறுமை ஏதும் அவர்களைப் பிடித்திருக்கிறதா என்ற கருத்தில் விசாரித்தார்கள். அதற்கு அவர், வறுமை இல்லை, கண்ணேறுதான் இவர்களைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது என்றார். அப்படியானால் ஓதிப்பாருங்கள் என்று நபியவர்கள் அனுமதி தந்தார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி முஸ்லிம் ஷரீஃபில் இருக்கிறது.

கண்ணேறுக்கு ஓதிப்பார்க்கலாம் என்பதற்கு ஆதாரமாக இந்த ஹதீஸை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அதன் முன்பகுதியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒரு பிள்ளையின் உடல் மெலிவைக் கண்டதும் நபியவர்கள் முதலில் கேட்டது வீட்டின் நிலைமையை. சாப்பாட்டுக்குக் குறைவு உண்டா, கையில் காசு தட்டுப்பாடா என்பதை. அது இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஓதிப்பார்ப்பதற்கு வந்தார்கள். நம் வீட்டில் பிள்ளை இளைத்தால் நாம் தர்ஹாவுக்கும் தாயத்துக்கும் முதலில் போகிறோம், அல்லது கடையில் உயரம் கூட்டும் பவுடர் டப்பாவைத் தேடுகிறோம். வீட்டுச் செலவுக் கணக்கை எடுத்துப் பார்க்கிறோமா?

இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான். பத்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ள நம் பிள்ளைகளின் உடல் வளர்ச்சியும், நம் வீட்டு வரவு செலவும்.

தவணை உள்ள அமானிதம்

மனிதனைப் பலவீனத்திலிருந்து படைத்து, பிறகு பலத்தைக் கொடுத்து, அந்தப் பலத்துக்குப் பின் மறுபடியும் பலவீனத்தையும் நரையையும் ஆக்குபவன் அல்லாஹ் என்று அல்குர்ஆன் 30:54 நமக்குச் சொல்கிறது. பலவீனத்திலிருந்து பலத்துக்கு ஏறும் அந்தப் படி எது? அதுதான் இந்த வளரிளம் பருவம்.

சூரத்துல் கஹ்ஃபை ஒவ்வொரு ஜும்ஆவிலும் ஓதுகிறோம். அதில் ஹிள்ர் (அலை) அவர்கள் சாய்ந்துகொண்டிருந்த ஒரு சுவரை நிமிர்த்தி வைத்தார்கள். காரணம் என்ன? அதன் கீழே இரண்டு அனாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது. அவர்கள் இருவரும் முழு வலிமையை அடைந்து அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அல்லாஹ் நாடினான் என 18:82 கூறுகிறது. ஒரு பிள்ளை வலிமை அடையும் வரை அவனுடைய சொத்துக்கே சுவர் எழுப்பிக் காத்த ரப்பு, அந்தப் பிள்ளையின் உடலைக் காக்கும் பொறுப்பை யாரிடம் தந்திருக்கிறான்? தகப்பனிடம், தாயிடம், இவர்கள் இல்லாவிட்டால் உறவினரிடம், யாருமே இல்லாவிட்டால் ஜமாஅத்திடம்.

இந்த அமானிதத்துக்கு ஒரு தவணை உண்டு. பெண் பிள்ளைகள் ஏறக்குறைய 10 வயதிலிருந்து 14 வரையிலும், ஆண் பிள்ளைகள் 12 வயதிலிருந்து 16 வரையிலும் வேகமாக வளர்கிறார்கள். அந்த வேகத்தின் உச்சத்தில் ஒரே வருடத்தில் 8, 9 சென்டிமீட்டர் கூடும். சென்ற பெருநாளுக்கு எடுத்த பேண்ட் இந்தப் பெருநாளுக்குக் கணுக்காலுக்கு மேல் நிற்பது இதனால்தான். பிறகு எலும்பின் முனைகளில் உள்ள வளரும் பகுதி மூடிக்கொள்ளும். மூடிய பிறகு எந்தப் பவுடரும், எந்த மாத்திரையும், எந்தக் கம்பியில் தொங்கினாலும் உயரம் கூடாது. வாழ்நாள் முழுவதும் தாங்க வேண்டிய எலும்பின் உறுதியில் பெரும்பகுதி சேர்வதும் இந்தச் சில வருடங்களில்தான்.

தொழுகை களா ஆனால் பிறகு நிறைவேற்றலாம். கடனைப் பிந்தியும் அடைக்கலாம். பதின்மூன்று வயதில் பிள்ளைக்குக் கிடைக்காமல் போன சாப்பாட்டை இருபத்தைந்து வயதில் களா செய்ய முடியாது.

உயரம் குடும்பவாகு மட்டும்தானா?

"எங்க குடும்பத்தில எல்லாரும் குட்டைதான் உஸ்தாது" என்று சிலர் சொல்வார்கள். குடும்பவாகு உண்டு, மறுக்கவில்லை. தகப்பனும் தாயும் குட்டையாக இருந்தால் பிள்ளை அப்படி அமைவது அல்லாஹ்வின் படைப்பு. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை.

ஒரு நூற்றாண்டுக் காலத்தில், அதாவது 1896-ல் பிறந்தவர்களையும் 1996-ல் பிறந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த உலகளாவிய ஆய்வு ஒன்று 2016-ல் வெளிவந்தது. உலகிலேயே அதிகமாக உயரம் கூடியவர்கள் தென்கொரியப் பெண்களும் ஈரானிய ஆண்களும். தென்கொரியப் பெண்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர், ஈரானிய ஆண்கள் 16 சென்டிமீட்டருக்கு மேல். நூறு வருடத்தில் இரத்தம் மாறிவிடுமா? வம்சம் அதேதான். மாறியது தட்டில் இருந்த சாப்பாடு, குடித்த தண்ணீர், கழிப்பறை, மருத்துவம், வீட்டு வருமானம்.

அதே ஆய்வுக் குழு 2020-ல் 200 நாடுகளின் பள்ளிப் பருவப் பிள்ளைகளை ஒப்பிட்டது. நெதர்லாந்தில் 11 வயதுப் பெண் பிள்ளைக்கு இருக்கும் சராசரி உயரம்தான் பங்களாதேஷில் 19 வயதுப் பெண்ணுக்கு இருக்கிறது. எட்டு வருட வித்தியாசம்! பங்களாதேஷ் நம் உம்மத்தின் பெரிய நாடுகளில் ஒன்று. இந்தச் செய்தி நம்மை உறுத்த வேண்டும்.

நம் மண்ணின் கதை

வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள். நாஞ்சில் நாடு நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பூமி. ஆனாலும் மாவட்டத்தின் மேற்கே, கல்குளம் விளவங்கோடு பக்கம், ஏழையின் வயிற்றை நிரப்பியது நெல்லல்ல, மரச்சீனிக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிப் பயிரை ஊக்கப்படுத்தினார். இரண்டாம் உலகப் போரில் 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும், திருவிதாங்கூர் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது. அந்தக் காலத்தில் மரச்சீனிதான் மக்களைக் காப்பாற்றியது. அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மரச்சீனி பசியை அடக்கும், உடலைக் கட்டாது. நூறு கிராம் கிழங்கில் புரதம் ஒரு கிராம் அளவுதான். நம் முன்னோர்கள் அதைச் சும்மா தின்னவில்லை. கூடவே சாளைக் கறியோ அயிலைக் கறியோ வைத்தார்கள். கஞ்சிக்குச் சிறுபயறு வைத்தார்கள். மீனும் பயறும் சேர்ந்ததால் அது முழுச் சாப்பாடு ஆனது. மீன் இல்லாத நாளில், பயறுக்குக் காசில்லாத நாளில், வெறும் கிழங்கும் மிளகுத் துவையலும் என்று ஆகும்போது வயிறு நிறையும், பிள்ளையின் எலும்பும் சதையும் பட்டினி கிடக்கும்.

இன்றும் அந்த நாட்கள் பல வீடுகளில் வருகின்றன. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் தொழிலை நம்பிய வீட்டில் வருமானம் சுருங்கும், ஊரில் மீன் விலையும் ஏறும். மழை பிடித்துக்கொண்டால் இரப்பர் பால் வெட்டுக்காரருக்கு வேலை இல்லை. கட்டட வேலைக்கும் அதே நிலை. வளைகுடாவில் கம்பெனி மூன்று மாதம் சம்பளம் நிறுத்தினால் இங்கே ஒரு வீட்டில் முதலில் நிற்பது எது? கேபிள் நிற்காது, போன் ரீசார்ஜ் நிற்காது, வட்டிக்காரன் நிற்கமாட்டான். பாலும் முட்டையும் நிற்கும். பிள்ளை வளர்வது மட்டும் நமக்காகக் காத்திருக்காது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் இடம் நம் மாவட்டத்துக்கு, ஏறத்தாழ 92 விழுக்காடு. மாஷா அல்லாஹ்! டியூஷனுக்குக் காசு கட்டுகிறோம். ஆனால் காலையில் ஒரு சாயாவும் ரெண்டு பிஸ்கட்டும் தின்றுவிட்டு அந்தப் பிள்ளை வகுப்பில் தலை சுற்றி உட்கார்ந்திருந்தால் அந்த டியூஷன் எங்கே ஏறும்? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண் பிள்ளைகளில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண் பிள்ளைகளில் 31 விழுக்காடு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள்.

ஒரே வீடு, இரண்டு தட்டு

மாதவிடாயில் இரத்தம் போவது பெண்ணுக்குள்ள இயற்கை. ஆகவே அவளுக்கு அதிகமாகக் கொடுக்க வேண்டும். நடப்பது என்ன? வாப்பாவுக்கு மீனின் நடுத்துண்டு. மகனுக்கு அடுத்தது. உம்மாவும் மகளும் கடைசியில் உட்கார்ந்து சட்டியில் ஒட்டிய குழம்பைச் சோற்றில் புரட்டிச் சாப்பிடுகிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, பழக்கம் அப்படி ஓடுகிறது.

இந்தியச் சிறு குழந்தைகளின் உயரத்தைப் பற்றி சீமா ஜெயச்சந்திரன், ரோஹிணி பாண்டே என்ற இரண்டு பொருளியல் பேராசிரியைகள் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சுட்டியது. ஆப்பிரிக்கக் குழந்தைகளோடு ஒப்பிடும்போது இங்கே மூத்த மகன் குறைந்து போகவில்லை. அடுத்தடுத்துப் பிறக்கும் பிள்ளைகளிடம்தான் உயரக் குறைவு பெருகுகிறது. வீட்டு வருமானம் ஒன்றுதான். பங்கு வைப்பதில்தான் கோளாறு.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தகப்பனார் ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்பு கொடுத்தபோது, அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ். இதை நாம் சொத்துப் பங்குக்கு மட்டும் ஓதுகிறோம். மீன் துண்டுக்கும் அந்த நீதம் உண்டு சகோதரர்களே!

முஸ்லிமில் வரும் இன்னொரு சம்பவம். ஓர் ஏழைத் தாய் இரண்டு பெண் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்தார். அன்னையவர்கள் மூன்று பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒன்றாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மூன்றாவதைத் தன் வாய்க்கு உயர்த்தினார். பிள்ளைகள் அதையும் கேட்டார்கள். அந்தத் தாய் அதை இரண்டாகப் பிளந்து இருவருக்கும் கொடுத்துவிட்டார். இதற்காக அல்லாஹ் அவருக்குச் சொர்க்கத்தை உறுதியாக்கினான் என்று நபியவர்கள் சொன்னார்கள். இரண்டு பெண் பிள்ளைகள், சமமான இரண்டு பாதி!

அதே முஸ்லிமில், இரண்டு பெண் பிள்ளைகளைப் பருவம் அடையும் வரை பராமரித்தவர் மறுமையில் தம்மோடு இப்படி வருவார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விரல்களைச் சேர்த்துக் காட்டியதாக வருகிறது. பருவம் அடையும் வரை என்று குறிப்பிட்டுச் சொன்னார்கள் பாருங்கள். எந்த வயதைப் பற்றி இன்று பேசுகிறோமோ, அந்த வயது வரை.

நகைக்குச் சேர்க்கும் காசு

நம் ஊரில் பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே பவுன் கணக்கு தொடங்குகிறது. சீதனம், கைக்கூலி என்ற இந்தக் கொடுமை நம் மார்க்கத்தில் இல்லை. மஹர் கொடுக்க வேண்டியவன் மாப்பிள்ளை. இருந்தும் பயந்து போய்ச் சேர்க்கிறோம். எதைக் குறைத்துச் சேர்க்கிறோம்? பல வீடுகளில் அந்தப் பெண்ணின் தட்டைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு 10 வயது முதல் 18 வயது வரை தினம் ஒரு முட்டை கொடுத்தால் மூவாயிரம் முட்டைக்கும் குறைவு. இன்றைய விலையில் ஒரு பவுன் நகைக்குக் கொடுக்கும் பணத்தில் இதை முழுவதும் வாங்கிவிட்டு மிச்சமும் இருக்கும். கழுத்தில் போட ஒரு பவுன் குறைந்தால் அவளுடைய உடம்புக்கு ஒன்றும் ஆகாது. உடம்பில் இரத்தம் இல்லாமல் அவள் கல்யாணமாகிப் போய், பிரசவ அறையில் படும் பாட்டை அந்த நகை தடுக்குமா? குறுகிய இடுப்பெலும்பும் இரத்தசோகையும் பிரசவத்தைக் கடினமாக்கும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். இரத்தசோகை உள்ள தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கிறது. பலவீனம் அடுத்த தலைமுறைக்கும் போகிறது. பலவீனமான சந்ததியை விட்டுச் செல்வதற்கு அஞ்சுவோரைப் பற்றி 4:9 பேசுகிறது. சொத்தில்லாமல் விட்டுப் போவதை மட்டும் அஞ்சினால் போதாது.

இன்னொரு பழக்கம். பிள்ளை பெரிய மனுஷி ஆனதும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று விழுந்து விழுந்து கொடுக்கிறோம். நல்ல பழக்கம்தான், ஆனால் பிந்திப் போகிறது. பெண் பிள்ளையின் உயரம் மிக வேகமாகக் கூடுவது பூப்பெய்துவதற்கு முந்திய வருடத்தில். பூப்பெய்திய பிறகு கூடுவது பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான். அந்த உளுந்தையும் முட்டையையும் ஒன்பது, பத்து வயதிலேயே தொடங்குங்கள்.

சாப்பாடு மட்டும் போதாது

சாப்பாடு போய்ச் சேரும் வயிறு சுத்தமாக இருக்க வேண்டும். கழிப்பறை சரியில்லாத வீட்டில், அழுக்குத் தண்ணீர் குடிக்கும் வீட்டில், பிள்ளை தின்பதில் ஒரு பங்கைக் குடற்புழு தின்கிறது. அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் குடல் சத்தை உறிஞ்சுவதில்லை. ஒரு வயது முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அரசாங்கம் வருடத்துக்கு இரண்டு முறை பள்ளிக்கூடம், அங்கன்வாடி வழியாகக் குடற்புழு மாத்திரை இலவசமாகத் தருகிறது. வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியைக் கேட்டுப் பிள்ளையைத் தடுக்காதீர்கள். சுத்தம் ஈமானின் பாதி என்று படித்த உம்மத் நாம். பள்ளிவாசல் ஹவ்லைக் கழுவுகிற அக்கறை வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் வேண்டும்.

வேலையையும் பார்க்க வேண்டும். உஹதுப் போருக்கு வந்த இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அப்போது 14 வயது. நபியவர்கள் அனுமதிக்கவில்லை. அகழ்ப் போரின்போது 15 வயது ஆனதும் அனுமதித்தார்கள். புகாரியில் உள்ளது. தீனுக்காகத் தானே முன்வந்த பையனையே வயது பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். நாம் 14 வயதுப் பையனைப் படிப்பை நிறுத்திப் பலசரக்குக் கடையில் மூட்டை தூக்க அனுப்பலாமா? நாட்டுச் சட்டமும் 14 வயதுக்குக் கீழ் உள்ளவரை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது.

குட்டையானவரைக் கேலி செய்யாதீர்கள்

இவ்வளவும் சொன்னதைக் கேட்டு யாரும் இன்னொருவரின் உயரத்தை அளக்கக் கூடாது. அல்லாஹ் உங்கள் உருவங்களைப் பார்ப்பதில்லை, உள்ளத்தையும் அமலையும் பார்க்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, அந்தக் கால்கள் மறுமையின் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஒரு பிள்ளையின் குட்டை உடம்பு அந்தப் பிள்ளையின் குற்றமல்ல. பெற்றோர் பலருக்கும் அது குற்றமல்ல, வசதியில்லாமை. 65:7-ல் அல்லாஹ் வசதியுள்ளவன் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் உள்ளவன் தனக்குத் தரப்பட்டதிலிருந்தும் செலவு செய்யட்டும் என்கிறான். யாரையும் சக்திக்கு மீறி அவன் சிரமப்படுத்துவதில்லை. அப்படியானால் அந்த இல்லாதவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார்? இருப்பவர்களாகிய நாம்.

என்ன செய்யலாம்?

முதலாவது, வீட்டுத் தலைவர்களுக்கு. ஹனஃபி மத்ஹபில், சொந்தமாகச் சொத்தில்லாத ஆண் பிள்ளைக்குச் சம்பாதிக்கும் ஆற்றல் வரும் வரையும், பெண் பிள்ளைக்குத் திருமணம் ஆகும் வரையும் செலவு தகப்பன் மீது கடமை. போதுமான அளவு கொடுக்க வேண்டும். தன் பொறுப்பில் உள்ளவரைப் பசியில் விடுவதே ஒருவனைப் பாவியாக்கப் போதும் என்ற ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. குடும்பத்துக்குச் செலவழிக்கும் தீனாருக்கே அதிகக் கூலி என்று முஸ்லிமில் வருகிறது. ஆகவே மாதச் சம்பளம் வந்ததும் முதலில் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு எடுத்து வையுங்கள். போனுக்கும் மாடி கட்டுவதற்கும் விருந்துக்கும் மிச்சத்தில் பாருங்கள்.

இரண்டாவது, தாய்மார்களுக்கு. 13 முதல் 15 வயதுள்ள பெண் பிள்ளைக்கு ஒரு நாளுக்கு 43 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்திருக்கிறது. வளர்ந்த பெண்ணுக்கே 46 கிராம்தான். 16 முதல் 18 வயதுப் பையனுக்கு 55 கிராம், அவனுடைய வாப்பாவைவிட ஒரு கிராம் கூடுதல். இதற்கு விலைகூடிய நெய்மீன் தேவையில்லை. மலிவாகக் கிடைக்கும் சாளையும் நெத்திலியும் போதும். நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. கொல்லையில் நிற்கும் முருங்கை, சிறுபயறு, கடலை எல்லாம் அல்லாஹ்வின் நிஃமத்துகள். சோற்றோடு சேர்த்துச் சாயா கொடுக்காதீர்கள். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது தடுக்கும்.

மூன்றாவது, பள்ளிக்கூடச் சத்துணவு. நம் நாகர்கோவில் தொகுதி 1969-ல் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய காமராஜர், முதலமைச்சராக இருந்தபோது மதிய உணவைப் பள்ளிகளில் பரப்பினார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக்கினார். இப்போது முட்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்திருக்கிறது. அதைச் சாப்பிடுவது கௌரவக் குறைவு என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். சோறும் சாம்பாரும் முட்டையும் ஹலாலான ரிஸ்க். ஆட்சியாளர் குடிமக்களின் பிள்ளைகளுக்குச் செலவழிப்பது புதிதல்ல. பால்குடி மறந்த குழந்தைக்கே உதவித்தொகை என்று வைத்திருந்த உமர் (ரலி) அவர்கள், அதற்காகத் தாய்மார் அவசரப்பட்டுப் பால் மறக்கடிப்பதை அறிந்ததும், பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் என்று மாற்றினார்கள்.

நான்காவது, ஜமாஅத் நிர்வாகிகளுக்கு. பைத்துல்மாலில் மருத்துவத்துக்கும் கல்யாணத்துக்கும் உதவுகிறோம். அதோடு மஹல்லாவில் தகப்பன் இல்லாத, வருமானம் நின்றுபோன வீடுகளில் 10 முதல் 18 வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஜூன், ஜூலை போன்ற நெருக்கடி மாதங்களில் அந்த வீடுகளுக்குப் பயறு, முட்டை, எண்ணெய் போய்ச் சேரட்டும். பெயர் வெளியே தெரியாமல் சேரட்டும். மதரஸாவில் வருடத்துக்கு இரண்டு முறை பிள்ளைகளின் உயரமும் எடையும் குறித்து வையுங்கள். ஒரு பிள்ளை ஒரு வருடமாக வளராமல் நின்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

ஐந்தாவது, நம் எல்லோருக்கும். குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் வளரும் பிள்ளை இருந்தால் அந்தக் குழம்போடு இரண்டு மீன் துண்டும் போகட்டும்.

இன்று தொழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது உங்கள் பிள்ளைகளை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். கன்னம் ஒட்டியிருக்கிறதா, கண் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட அந்தக் கேள்வியை உங்களிடமே கேளுங்கள். மகளைக் கூப்பிட்டு உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து, நடுத்துண்டை அவள் தட்டில் வையுங்கள்.

யா அல்லாஹ்! பசியை விட்டும் வறுமையை விட்டும் எங்களைப் பாதுகாப்பாயாக! எங்கள் பிள்ளைகளின் உடலிலும் அறிவிலும் ஈமானிலும் வலிமையைத் தருவாயாக! எங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்து, அதை உரியவருக்கு உரிய நேரத்தில் கொடுக்கும் தவ்ஃபீக்கைத் தருவாயாக! எங்கள் மஹல்லாவில் எந்தப் பிள்ளையும் பசியோடு உறங்காத நிலையை ஆக்குவாயாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.